பேழை சொன்ன சாட்சி

2022ஆம் ஆண்டு, நாட்டு விடுதலையின் பவள விழாவை ஒட்டி எங்கள் கல்லூரியில் ஒரு சிறு கண்காட்சி நடத்தினோம். நாஞ்சில் நாட்டு வீடுகளில் பத்தாயத்துக்கு அடியிலும் பரணிலும் கிடக்கும் பழம்பொருட்களை இரண்டு நாட்களுக்கு இரவல் வாங்கிக் காட்சிக்கு வைப்பது என்பது திட்டம். திருவிதாங்கூர் காலத்துச் சக்கரங்களும் பணங்களும், முத்திரைத்தாள்கள், ஏட்டுச்சுவடிகள், எழுத்தாணிகள், 1956இல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோது வெளிவந்த துண்டறிக்கைகள் என்று பலவும் வந்து சேர்ந்தன. பொருட்களுக்குக் குறிப்பட்டை எழுதும் பொறுப்பு தமிழ் படித்தவன் என்பதால் என் தலையில் விழுந்தது.

கண்காட்சிக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது பழைய மாணவர் ஒருவர் வந்தார். இப்போது பள்ளி ஆசிரியராக இருப்பவர். துணிப்பையிலிருந்து ஒரு கருப்புப் பேழையை எடுத்து மேசைமேல் வைத்தார். தோல் போன்ற தாள் ஒட்டிய அட்டைப் பேழை. மூடிமேல் வெள்ளிக் கோட்டில் ஒரு சிலுவை வடிவம். உள்ளே, வெள்ளி விளிம்பு கட்டிய கருத்த இரும்புச் சிலுவை ஒன்று.

"இது எம்டன் கப்பல் மெடல் சார். செண்பகராமன் பிள்ளை எங்க பூட்டாவுக்குக் கையால குடுத்தது. பாட்டா வச்சிருந்தாரு. பாட்டா போனப்புறம் அப்பா பூட்டி வச்சிட்டாரு" என்றார்.

நாஞ்சில் நாட்டில் பிறந்த எவனுக்கும் அந்த ஒரு வாக்கியம் மயிர்க்கூச்செறியச் செய்யப் போதுமானது. எனக்கும் செய்தது. குறிப்பட்டையை அப்போதே மனத்துக்குள் எழுதிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு நடந்ததைச் சொல்வதற்காகவே இக்கட்டுரை.

எம்டனைத் தமிழர்க்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்ற அந்த ஜெர்மன் போர்க்கப்பல், ஏறத்தாழ அரை மணி நேரத்தில் 125க்கும் மேற்பட்ட குண்டுகளை வீசிவிட்டு இருளில் மறைந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஊரைவிட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் கல் உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் இன்றும் உள்ளது. சென்னையிலிருந்து எம்டன் இலங்கையைச் சுற்றிக்கொண்டு மேற்கே வந்து, நம் குமரிமுனைக்கு அப்பால் மினிக்காய்த் தீவை ஒட்டிய கடற்பாதையில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களை ஒவ்வொன்றாகப் பிடித்தது. அக்டோபர் 28இல் பினாங்கைத் தாக்கியது. நவம்பர் 9இல் கொக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் அடிபட்டுப் பாறையில் ஏறி முடிந்தது. கப்பல் போனாலும் சொல் தங்கிவிட்டது. எமகாதகனை 'எம்டன்' என்கிறோம். மலையாளத்திலும் 'எமண்டன்' உண்டு. ஒரு போர்க்கப்பல் இரண்டு மொழிகளில் பெயர்ச்சொல்லாகிக் கரையேறியது அபூர்வம்.

அந்தக் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்பது நாம் சொல்லிச் சொல்லி வளர்த்த கதை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பேழை.

நாணயங்களும் பதக்கங்களும் சேகரிக்கும் நண்பர் ஒருவரை அழைத்தேன். அவர் வந்ததும் சிலுவையைத் தொடவில்லை. பேழையைத்தான் கையில் எடுத்தார். காரணம் கேட்டபோது அவர் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. முதல் உலகப் போருக்காகப் பிரிட்டிஷ் அரசு வழங்கிய போர்ப் பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் வீரனின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். இந்தியச் சிப்பாய்க்கும் அப்படியே. பெட்டி தொலைந்தாலும் பதக்கம் தன் உடைமையாளனின் பெயரைத் தானே சொல்லும். ஜெர்மன் இரும்புச் சிலுவை அப்படியல்ல. அது ஊமை. அதில் ஆண்டு இருக்கும், அரசனின் முதலெழுத்து இருக்கும், செய்த பட்டறையின் முத்திரைகூட இருக்கும். வாங்கியவன் பெயர் வழக்கமாக இராது. பட்டயத்தாளும் பேழையும்தான் அதற்கு வாய். பட்டயம் இல்லையென்றால் மிச்சம் பேழை ஒன்றே.

இரும்புச் சிலுவையைத் தோற்றுவித்தவர் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியம், ஆண்டு 1813, நெப்போலியனை எதிர்த்த போர். பொன்னையும் வெள்ளியையும் மக்கள் போர்ச்செலவுக்குக் கொடுத்து இரும்பு நகை அணிந்துகொண்ட காலம் அது. ஆகவே வீரனுக்கும் இரும்பே பரிசு. பதவி வேறுபாடின்றி எந்தச் சிப்பாயும் பெறலாம் என்பது அன்றைக்குப் பெரிய புதுமை. 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் அது புதுப்பிக்கப்பட்டது. புதுப்பித்த ஆண்டு கீழ்க்கையில் இருக்கும். 1914க்கு உரியதில் மேலே கிரீடம், நடுவே கைசர் வில்லியத்தின் முதலெழுத்து. 1939க்கு உரியதில் நடுவே நாஜிகளின் சின்னம். இரண்டாம் வகுப்புச் சிலுவை வளையத்தில் நாடா கோத்துத் தொங்குவது. முதல் வகுப்பு மார்பில் ஊசியால் குத்திக்கொள்வது, பின்புறம் வெறுமையானது. முதல் உலகப் போரில் மட்டும் இரண்டாம் வகுப்பு 50 லட்சத்துக்கும் மேல், முதல் வகுப்பு 2 லட்சத்துக்கும் மேல் வழங்கப்பட்டன.

இவ்வளவு எண்ணிக்கையில் வழங்கிய பொருளுக்கு எல்லாம் பேழை செய்து மாளாது. இரண்டாம் வகுப்புச் சிலுவை பெரும்பாலும் பேழையின்றியே, தாளில் பொதிந்து அல்லது நேரே சட்டைப் பொத்தானில் நாடாவைக் கோத்து வழங்கப்பட்டது. முதல் வகுப்புக்குத்தான் பேழை: கருப்பு மேலுறை, மூடியில் வெள்ளிக்கோட்டுச் சிலுவை, மூடியின் உட்புறம் வெண்பட்டு, அடித்தட்டில் பட்டுப்பூப்போன்ற துணியும் ஊசி இறங்க ஒரு கீறலும். 1914 பேழையும் 1939 பேழையும் பார்வைக்கு அண்ணன் தம்பி போலவே இருக்கும். குழப்பம் தொடங்குவது அங்கேதான். பழம்பொருள் சந்தையில் வெறும் பேழைக்கே தனி விலை உண்டு. பேழையற்ற பதக்கத்தையும் பதக்கமற்ற பேழையையும் தனித்தனியே வாங்கி, சோடி சேர்த்து, 'அசல் பேழையுடன்' என்று விற்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

அப்படியானால் இன்ன பதக்கம் இன்ன பேழைக்கு உரியது என்பதை எப்படிக் காண்பது? நண்பர் சொல்லச் சொல்ல, எனக்கு இது பழகிய வேலையாகவே தோன்றியது. சுவடி படித்தவர்கள் அறிவார்கள். கட்டவிழ்ந்த ஏடுகள் ஒரு குவியல், மரச்சட்டங்கள் ஒரு குவியல் என்று கிடந்தால் எந்த ஏடு எந்தச் சட்டத்துக்கு உரியது என்று எப்படிச் சேர்க்கிறோம்? ஏட்டின் நீள அகலம் சட்டத்தோடு ஒக்கிறதா? கயிறு கோக்கும் துளைகள் நேர் நிற்கின்றனவா? சட்டத்தின் உட்பக்கத்தில் ஏட்டின் எண்ணெய்க் கறை எந்த அகலத்துக்குப் படிந்திருக்கிறது? பூச்சி துளைத்த வழி ஏட்டிலிருந்து சட்டத்துக்குத் தொடர்கிறதா? ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட இந்தச் சாட்சிகள் உறுதியானவை. எழுத்தைப் பின்னால் வந்தவன் எழுதலாம். பூச்சி பொய் சொல்லாது.

பேழைக்கும் அதே இலக்கணம்தான். ஒன்று, அளவு. 1914 முதல் வகுப்புச் சிலுவை ஏறத்தாழ 42 மில்லிமீட்டர். 1939க்கு உரியது 44. இரண்டு, ஊசி. பின்புற ஊசியின் அகலமும் இடமும் அடித்தட்டின் கீறலோடு பொருந்த வேண்டும். மூன்று, நிழல். பல்லாண்டுகள் ஒரே பொருள் கிடந்த இடத்தில் துணியின் நுண்மயிர் அமுங்கி, அதன் வடிவம் பதிந்துவிடும். சுற்றிலும் துணி வெளிறியிருக்க, பொருள் கிடந்த இடம் மட்டும் நிறம் மங்காதிருக்கும். நான்கு, கறை. சிலுவையின் நடுப்பகுதி இரும்பு. நம்மூர் உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் இராது. விளிம்பில் துரு இருந்தால் அது தொட்டுக்கொண்டிருந்த துணியிலும் அதன் தடம் இருக்க வேண்டும். ஐந்து, முத்திரை. பதக்கம் செய்த காலமும் பேழை செய்த காலமும் ஒன்றுக்கொன்று முரண்படக் கூடாது.

ஒரு வெள்ளைத்தாளை விரித்து, சிலுவையை எடுத்து அதன்மேல் வைத்தார் நண்பர். கீழ்க்கையில் 1914. காந்தத்தை அருகே கொண்டுசென்றபோது ஒட்டியது. ஊசியில் வெள்ளித்தரத்தைக் குறிக்கும் 800 என்ற எண். அசலானதே என்றார். மாணவர் முகம் மலர்ந்தது. அடுத்து, உருப்பெருக்கியைப் பேழையின் அடித்தட்டில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். துணியில் ஒரு சிலுவையின் நிழல் தெளிவாகப் பதிந்திருந்தது. இந்தச் சிலுவையை அதன்மேல் வைத்தால் சுற்றிலும் ஒரு நூலிழை மிஞ்சியது. சிலுவையின் விளிம்பில் துரு உண்டு. துணியில் துருவின் தடமே இல்லை. கடைசியாக, தேய்ந்துபோன மூன்று எழுத்துகளைக் காட்டினார்: எல்.டி.ஓ. ஜெர்மன் பதக்கத் தயாரிப்பாளர்களின் கூட்டமைப்பு அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், கடைகளில் விலைக்கு விற்கும் பதக்கங்களை ஒழுங்குபடுத்த ஏற்பட்டது. 1914இல் அப்படி ஓர் அமைப்பே கிடையாது.

சிலுவை ஒரு போருக்கு உரியது. பேழை அடுத்த போருக்கு உரியது. ஒரே வீரனுக்கு இரண்டும் கிடைத்திருக்கலாமே என்று கேட்டேன். அதற்கும் விடை வைத்திருந்தார். 1914 சிலுவை பெற்றவர் 1939க்குப் பின் மீண்டும் தகுதி பெற்றால் அவருக்கு இன்னொரு சிலுவை தருவதில்லை. பழையதோடு சேர்த்து அணிய, கழுகு பொறித்த ஒரு பட்டை மட்டுமே தருவார்கள். அந்தப் பட்டைக்கான பேழை இப்படிச் சிலுவை நிழல் விழுந்ததாக இராது. ஆகவே இந்தப் பேழையில் முன்பு கிடந்தது வேறொருவனின் 1939 சிலுவை. இரண்டு ஜெர்மானியர்களின் உடைமைகள் எங்கோ ஓரிடத்தில் சோடி சேர்ந்திருக்கின்றன.

மாணவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பேழை மாறியிருக்கலாம் சார். சிலுவை எம்டனுக்குள்ளதா இருக்கலாம்லா?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கு விடை காண வேண்டியவன் நண்பரல்ல, நான்.

எம்டனின் வீரச்செயல்களுக்காகக் கைசர் வழங்கியவை இவை: கப்பல் தலைவர் கார்ல் ஃபான் முல்லருக்கு முதல் வகுப்புச் சிலுவை, அதிகாரிகளுக்கும் மாலுமிகள் 50 பேருக்கும் இரண்டாம் வகுப்பு. அப்போது முதல் வகுப்பு கிடைத்தது தலைவர் ஒருவருக்கே. அந்த அறிவிப்பு வந்த காலத்தில் கப்பலின் வாழ்வே முடியும் தறுவாயில் இருந்தது. நடுக்கடலில் ஒருவர் மார்பிலிருந்து கழற்றி இன்னொருவருக்குக் கொடுக்க எம்டனில் எந்தச் சிலுவையும் இருந்திருக்க முடியாது.

'எம்டன் பதக்கம்' என்றே பெயர் பெற்ற ஒரு பதக்கம் உண்மையிலேயே உண்டு. ஆனால் அது வென்றவர்கள் செய்தது. உடைந்த எம்டனிலிருந்து ஆஸ்திரேலியர்கள் 6,429 மெக்சிக வெள்ளி டாலர்களை மீட்டார்கள். அவற்றில் ஆயிரத்தைச் சிட்னி நகரத்து நகை வணிகர் கெர் கிரீடமும் வளையமும் வைத்துக் கட்டி, இரு கப்பல்களின் பெயரையும் போர் நடந்த நாளையும் பொறித்தார். அவை சிட்னி கப்பலின் மாலுமிகளுக்கு வழங்கப்பட்டன. மிஞ்சியவற்றில் ஒரு பகுதி பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. தோற்றவர்களுக்கோ அவர்கள் நாடு வேறு வகையில் மரியாதை செய்தது. எம்டன் மாலுமிகள் தங்கள் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்பதையும் சேர்த்துக்கொள்ள உரிமை தந்தது. பதக்கம் தொலையும், பெயர் பேரப்பிள்ளைக்கும் போகும்.

இனி செண்பகராமன் பிள்ளை. 1891இல் திருவனந்தபுரத்தில் நாஞ்சில் நாட்டு வேளாளர் குடியில் பிறந்தவர். 'செண்பகராமன்' என்பதே திருவிதாங்கூர் அரசர்கள் சிறந்த ஊழியத்துக்குத் தந்த பட்டம். ஒரு வகையில் அவர் பெயரே ஒரு பதக்கம்தான். 1908இல் ஸ்டிரிக்லாண்ட் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளரோடு ஐரோப்பா சென்றார். 1914இல் சூரிச்சில் இந்திய ஆதரவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அக்டோபரில் பெர்லினுக்கு வந்து அங்கிருந்த இந்தியப் புரட்சியாளர் குழுவோடு இணைந்தார். எம்டனோ சீனக் கரையில் இருந்த ஜெர்மன் துறையான சிங்டாவோவிலிருந்து 1914 ஜூலை 31இல் புறப்பட்டது. அதன்பின் ஐரோப்பியக் கரை எதையும் அது தொடவே இல்லை. சூரிச்சில் இருந்த மனிதர் அந்தக் கப்பலில் ஏறியிருக்க வழியில்லை.

இதைச் சொல்லும்போது எனக்கே தொண்டை கட்டியது. சிறு வயதில் என் தந்தையார் சொல்லக் கேட்டு நானும் வகுப்பறைகளில் சொல்லிவந்த கதை அல்லவா? ஆனால் யோசித்துப் பார்த்தால் இதுவும் பேழை மாறிய கதைதான். செண்பகராமன் பிள்ளையின் வாழ்க்கை ஓர் அசல் பதக்கம். பதினாறு பதினேழு வயதில் கடல் கடந்து, அந்நிய மண்ணில் சங்கம் அமைத்து, ஆங்கில அரசின் பகையைத் தேடிக்கொண்டு, 1915 டிசம்பரில் காபூலில் அறிவித்த இந்தியத் தற்காலிக அரசில் வெளியுறவுப் பொறுப்புக்குப் பெயர் குறிக்கப்பட்டு, ஊர் திரும்பாமலே 1934 மே 26இல் பெர்லினில் இறந்த வாழ்க்கை. நாம் அதை எம்டன் என்ற பளபளப்பான பேழையில் கொண்டுபோய் வைத்தோம். பேழை பெரிது; பதக்கம் அதில் ஆடுகிறது. அவருக்கு உரிய பேழையை, அதாவது சூரிச்சும் பெர்லினும் சேர்ந்த அந்த வரலாற்றை, எழுதிப் பார்க்கும் உழைப்பை நாம் செய்யவில்லை.

அப்படியானால் அந்தச் சிலுவை இரணியலுக்கு அருகிலுள்ள ஒரு வீட்டுக்கு எப்படி வந்தது? மாணவரிடம் அவர் பாட்டாவைப் பற்றிக் கேட்டேன். "பட்டாளத்துல இருந்தாருண்ணு சொல்லுவாங்க சார். வீட்ல யாரும் அதப்பத்திப் பேசமாட்டாங்க. வெள்ளக்காரன் பட்டாளம்லா" என்றார். மறுநாள் ஒரு தகரப்பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே மடிப்புகளில் கிழிந்த ஒரு விடுவிப்புச் சான்றிதழ். மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், பெங்களூர். பதக்கங்களின் வரிசையில் ஆப்பிரிக்க நட்சத்திரம். பெட்டியின் மூலையில் ஒரு பழைய துணிக்குள் அந்த நட்சத்திரமே இருந்தது. ஆறு முனை, பாலைமணல் நிற நாடாவின் நடுவே சிவப்பு, இருபுறமும் கருநீலமும் வெளிர்நீலமும். பேழை ஏதும் இல்லை.

மதராஸ் சாப்பர்கள் வட ஆப்பிரிக்கப் போரில் நான்காம் இந்திய டிவிஷனோடு இருந்தவர்கள். பாலம் கட்டுவதும் பாதை வெட்டுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் அவர்கள் வேலை. 1943 மே 12இல் துனிசியாவில் ஜெர்மன் தளபதி ஃபான் ஆர்னிம் அந்த டிவிஷனிடமே சரணடைந்தார். அச்சு நாட்டுப் படையினர் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே கைதாயினர். முதல் போரில் சிலுவை வாங்கிய நடுவயது ஜெர்மானியர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். புதுச் சிலுவை பெற்ற இளைஞர்களும் இருந்திருப்பார்கள். போர்க்களத்தில் நினைவுப்பொருள் எடுப்பதும், ரொட்டிக்கும் சிகரெட்டுக்கும் பதக்கம் கைமாறுவதும் எல்லாப் படைகளிலும் நடந்ததே. பாட்டாவின் சிலுவையும் பேழையும் இந்த வழியில் வந்திருக்கலாம் என்பது ஊகம். அவர் அந்தப் போரில் இருந்தார் என்பது ஊகமல்ல. காஞ்சிபுரத்துப் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடியின்மேல் தன் உடலைப் போட்டுத் தோழர்களைக் காத்து உயிர்விட்டு ஜார்ஜ் சிலுவை பெற்றார். இவரும் அதே சாப்பர் படையின் சிப்பாய்.

ஊர் திரும்பிய சில ஆண்டுகளில் நாடு விடுதலை பெற்றது. வெள்ளையனுக்காகப் பாலைவனத்தில் கண்ணிவெடி தோண்டியதைத் திண்ணையில் அமர்ந்து யாரிடம் சொல்வது? கேட்பவர்களுக்குச் செண்பகராமனும் எம்டனும் இனித்தன. பாட்டாவே அந்தக் கதையைத் தொடங்கினாரா, பிள்ளைகள் தொடங்கினார்களா என்பதை இனி அறிய முடியாது. எப்படியோ, சிலுவை பட்டு விரித்த பேழையில் ஏறியது. நட்சத்திரம் தகரப்பெட்டி மூலைக்குப் போனது. கூடவே அவரது ஆறேழு ஆண்டு வாழ்க்கையும் போயிற்று.

குறிப்பட்டையை மாணவரோடு உட்கார்ந்து எழுதினேன். 'ஜெர்மன் இரும்புச் சிலுவை, முதல் வகுப்பு, 1914. பேழை இரண்டாம் உலகப் போர்க்காலத்தது, இச்சிலுவைக்கு உரியதன்று. ஆப்பிரிக்க நட்சத்திரம்: மதராஸ் சாப்பர்ஸ் படையில் பணியாற்றிய நாஞ்சில் நாட்டு வீரர் ஒருவருக்கு வழங்கப்பட்டது.' சிலுவையையும் பேழையையும் தனித்தனியே வைத்தோம். நட்சத்திரத்தை நடுவில் வைக்க வேண்டும் என்று சொன்னவர் மாணவர்தான்.

செண்பகராமன் பிள்ளையின் அஸ்தியை அவர் மனைவி லட்சுமிபாய் 32 ஆண்டுகள் காத்துவைத்திருந்தார். 1966இல் அது இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். டெல்லி கப்பலில் கொச்சி வந்து சேர்ந்தது. தன் சாம்பல் நாஞ்சில் நாட்டு வயல்களிலும் தூவப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம் என்பார்கள். அவரை ஊருக்குக் கொண்டுவந்தது எம்டன் அல்ல. சுதந்திர இந்தியாவின் கப்பல். எங்கள் கண்காட்சியில் அவருக்கும் ஓர் அட்டை எழுதினோம். எம்டன் என்ற சொல் அதில் இல்லை.

இரண்டாம் நாள் மாலை மாணவரின் தந்தையார் வந்தார். எழுபதை நெருங்கும் வயது. நட்சத்திரத்தின் முன்னால் நின்று குறிப்பட்டையை இரண்டு முறை படித்தார். "அப்பா தூக்கத்துல என்னமோ பாஷையில சத்தம் போடுவாரு சார். அம்ம எழுப்பி வெள்ளம் குடுப்பா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. போகும்போது நட்சத்திரத்தை வைக்கத் தோதான சின்னப் பேழை எங்கே செய்து தருவார்கள் என்று மட்டும் கேட்டார்.